புரட்டாசி இருபத்து மூன்று

பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று
புரட்டாசிக்குச் சொல்லிவைத்தவர் எவரும்
பேர்ன் நகரில் அதிகாலை நான்கு மணிக்கு
டிராம் தண்டவாளம் கூட்டியதில்லை.

சமையலறைச் சுவரில் கோயில் நாட்காட்டி
இருபத்து மூன்று என்கிறது.
வாசலில் கணுக்கால் மூழ்கப் பனி.
குளிர்காலச் சப்பாத்து இன்னும் நிலவறையில்,
போன வருடத்து உப்புக் கறையோடு.

ஒரு மரமும் இலை உதிர்த்திருக்கவில்லை.
அதுதான் வினையாயிற்று.
மொட்டை மரமென்றால் பனி வழிந்து போயிருக்கும்.
லிண்டன் மரங்கள்
பச்சை இலை ஒவ்வொன்றிலும் ஏந்திக்கொண்டு நின்றன,
தாங்கும் மட்டும் தாங்கி
இரவு முழுக்க முறிந்தன.
படுக்கையில் கிடந்து கேட்டேன்:
முதலில் ஒரு முனகல், பிறகு விறகு ஒடிகிற சத்தம்,
பிறகு எதுவுமில்லை.
பனிமேல் விழுகிறது எதற்கும் ஓசை கிடையாது.

கிர்ஹென்ஃபெல்ட் பாலத்து முனையில்
தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில்
இரும்பு நாக்கு நடுவில் நின்றுவிட்டது,
இடமும் போகாமல் வலமும் போகாமல்.
அதற்குச் சூடேற்றும் கம்பி உண்டு.
நவம்பர் ஒன்றாம் தேதிதான் மின்சாரம் கொடுப்பார்கள்.
அட்டவணை அப்படி.
எரிவாயுத் தீக்குழலோடு மண்டியிட்டேன்.
பின்னால் ஆறாம் எண் டிராம்,
நாற்பது முகங்கள் கைபேசி வெளிச்சத்தில்.

பேயாட் வந்தான்.
(அது அவன் பெயர்தான். வீட்டில் நான் சொன்னால்
பேயாட்டம் என்று முடித்துவைப்பான் என் மகன்.)
"சூரியன் தூங்கிவிட்டது.
முப்பத்தொரு நாளாக முகத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை.
முந்நூறு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான்,
ஆறு உறைந்து
அதன்மேல் ஆட்டை வாட்டித் தின்றார்கள்.
பூமி சூடாகிறது என்று வரி வாங்கினார்களே,
இதோ பார்."
என் நனைந்த சப்பாத்தைக் காட்டினான்.

கோரின் மண்வாரியை நிறுத்தினாள்.
கோடை விடுமுறைகளில்
பனியாற்றில் கழி நடுகிறவள் அவள்.
"ஜூனில் என்னைவிட நீளமான கழியைத்
தலை மட்டும் தெரியப் புதைத்தோம்.
செப்டம்பரில் அது படுத்துக் கிடந்தது.
உன் சூரியன் தூங்கிக்கொண்டேதான் தின்றதா?"
"இது பனியா இல்லையா?"
"இது செவ்வாய்க்கிழமை.
அடுப்பைத் தணித்த பிறகும் பால் பொங்கினால்
அடுப்பைக் கேட்பாயா, மூடியைக் கேட்பாயா?"

அவள் பால் என்றாள்,
நான் சோறு என்று கேட்டுக்கொண்டேன்.
அவர்கள் மொழியிலும் வினைச்சொல்
பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.
காத்திருக்கத் தெரியும் எனக்கு.

நாக்கு விடுபட்டது, விரல் சொடுக்கினாற்போல.
ஆறாம் எண் வலப்பக்கம் போயிற்று.
யாரும் தலை நிமிரவில்லை.

பகல் பன்னிரண்டுக்கு மேகம் கிழிந்தது.
பேயாட் தொலைநோக்கியை முக்காலியில் பூட்டி
வேலை அட்டவணைத் தாளைத் திருப்பி
என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான்,
சூரியனை அதில் இறக்கினான்.
ஐந்து பிராங்கு காசளவு வட்டம்
மெல்ல நடுங்குகிறது.
கண் கூசாத சூரியன். சுடாத சூரியன்.
ஓரத்தில், சிறியதாய், கறுப்பாய்...
"புள்ளி!"
கத்தியது வருத்தமா மகிழ்ச்சியா தெரியவில்லை.
கையேட்டில் தேதி, நேரம், 'ஒன்று' என்று எழுதிவிட்டு
முறிந்த கிளைகள் ஏற்றிய லாரியின் பின்னால் ஓடினான்.

நான் தாளைப் பிடித்தபடியே நின்றேன்.
முக்காலி அசையவில்லை.
சூரியன் தன்பாட்டுக்குத் தாளைவிட்டு நகர்ந்தது,
விளிம்பு விளிம்பாக.
புள்ளி கூடப் போகவில்லை.

கண்ணருகே கொண்டுவந்து பார்த்தேன்.
தீக்குழல் கரி.
என் கட்டைவிரல்.
ரேகைகூடத் தெரிகிறது.

கோரின் எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.
"சொல்லப்போகிறாயா?"

அடுத்த பிரிவிலும் நாக்கு உறைந்திருப்பதாக
வயர்லெஸ் கூப்பிட்டது.